நமக்குள்ள எதுக்குங்க எழுத்து?

"நமக்குள்ள எதுக்குங்க்கா எழுத்தெல்லாம்?"

வெள்ளகோவிலில் சொந்த வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தொடங்குகிற எந்தப் பெண்ணும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. விதிமுறைகளை ஒரு தாளில் எழுதி, "படிச்சுப் பார்த்துட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று நீட்டியதும் எதிரில் இருப்பவர் முகம் மாறும். நம்மை நம்பவில்லையோ என்று ஒரு வருத்தம். அதில் நியாயமும் இருக்கிறது. சீட்டுப் பணம், தறிக்கு முன்பணம், மாட்டு விலை எல்லாமே வாய்ப்பேச்சில் நடக்கிற ஊர் இது. சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே மாட்டுக்கு விலை முடிக்கிறவர்களிடம், பிள்ளையை விட்டுப் போகக் காகிதம் கேட்டால் சங்கடமாகத்தான் இருக்கும்.

நான் சொல்கிற பதில் இதுதான். "தெரிஞ்சவங்கங்கறதாலதானுங்க எழுதறது. தெரியாதவங்கன்னா வாயத் தொறந்து கேட்டுப்போடுவேன். உங்ககிட்ட எப்படிங்க கேட்பேன்?"

உண்மையும் அதுதான். பெரியம்மா மகள் இரண்டு வாரப் பணம் பாக்கி வைத்தால் கேட்க நா எழாது. பங்காளி வீட்டு மருமகள் ஆறு மணிக்கு வருகிறேன் என்று சொல்லி ஒன்பது மணிக்கு வந்தால் சிரித்துக்கொண்டேதான் கதவைத் திறக்க வேண்டும். அந்தச் சிரிப்பு நான்கு மாதம் தாங்கும். அப்புறம் உறவும் போகும், வேலையும் போகும், நடுவில் பிள்ளை இடம் மாறி அழும். ஒப்பந்தம் எழுதுவது கோர்ட்டுக்குப் போகவா? இல்லை. கேட்கக் கூச்சப்படுகிற விஷயங்களை, கோபம் வருவதற்கு முன்பே, இரண்டு பேரும் நல்ல மனநிலையில் இருக்கும்போது பேசி முடிப்பதற்குத்தான். அதனால் எனக்குக் காகிதத்தைவிட அதற்கு முந்திய பேச்சு முக்கியம். பெற்றோரோடு உட்கார்ந்து பேசும் அந்த ஒரு மணி நேரத்தில் வராத எந்த வரியும் ஒப்பந்தத்தில் இருக்கக் கூடாது.

இங்கே இந்த வேலை எதற்காகத் தேவைப்படுகிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டால் பாதிக் கேள்விகள் தாமாக வந்துவிடும். திருப்பூர் இங்கிருந்து காங்கயம் வழியாக 45 கி.மீ.க்கு மேல். பனியன் கம்பெனி வேன் விடிந்ததும் கிளம்பிவிடும். காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்குத்தான் வெளியே. வீடு வந்து சேரும்போது மணி என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பின்னிங் மில்லுக்குப் போகிறவர்களுக்கு மூன்று ஷிப்ட், வாரம் மாறினால் நேரமும் மாறும். தறிப்பட்டறையில் தார் சுற்றப் போகிற அம்மாவுக்கு இரண்டும் இல்லாத இன்னொரு கணக்கு. அங்கன்வாடி நல்ல இடம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972இல் பள்ளிக்கு முந்திய வயதுக் குழந்தைகளைப் பற்றி அறிக்கை கொடுத்தது. 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்துக்கு அது அடிப்படையாக இருந்தது. ஆனால் இரவு எட்டரை ஷிப்டுக்கும் ஆறு மாதக் கைக்குழந்தைக்கும் அங்கன்வாடி நேரம் பொருந்தாது.

கம்பெனியில் இடம் உண்டா என்று அம்மாவிடம் முதலில் கேளுங்கள். மகப்பேறு பயன் சட்டத்தின் 2017 திருத்தம் கொண்டுவந்த விதிப்படி 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். தாய் ஒரு நாளைக்கு 4 முறை போய்ப் பார்க்கவும் அனுமதி உண்டு. பால் குடிக்கிற பிள்ளை என்றால், அந்தக் காப்பகம் ஒழுங்காக நடக்கிறது என்றால், அதுதான் நம் வீட்டைவிட நல்லது. அதை வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். ஒரு வாடிக்கை போகலாம், போகட்டும். நம்மிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் பத்து மிஷின் போட்ட ஜாப் வொர்க் யூனிட்டிலும் சின்னத் தறிப்பட்டறையிலும் வேலை செய்கிறவர்கள். அவர்களுக்கு அந்த விதி எட்டாது.

இப்படிப்பட்ட அம்மாக்களுக்கு வழி காட்டியவர்கள் முன்பே உண்டு. மீரா மகாதேவன் 1969இல் டெல்லியில் கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே மொபைல் கிரெஷ் என்ற குழந்தைகள் காப்பகத்தை ஆரம்பித்தார். அகமதாபாத்தில் சேவா என்ற உழைக்கும் பெண்கள் அமைப்பைச் சேர்ந்தவர்கள் சங்கினி என்ற கூட்டுறவு அமைத்துக் குழந்தைகள் காப்பகங்களை நடத்துகிறார்கள். இரண்டிலும் அம்மாவின் வேலை நேரத்தைப் பார்த்துத்தான் காப்பகத்தின் நேரத்தை வைத்தார்கள். நமக்கும் அதுவே வழி. ஆனால் வீட்டில் தனியாக நடத்துகிற பெண்ணுக்கும் உடம்பு ஒன்றுதான். ஆகவே பெற்றோரைக் கூப்பிடுவதற்கு முன் உங்கள் எல்லையை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை மணி வரை, எத்தனை பிள்ளைகள்.

பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. காப்பகங்களுக்காக மத்திய அரசு 2018இல் கொடுத்த வழிகாட்டுதல் மூன்று வயதுக்குட்பட்ட 10 குழந்தைகளுக்கு ஒரு பணியாளர், கூட உதவியாளர் என்கிறது. வீட்டில் அது எனக்கு அதிகமாகப் படுகிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் 94 குழந்தைகள் தீயில் போனார்கள். அந்த ஊர்ப் பெயரைக் கேட்டால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. நடக்கத் தெரியாத குழந்தைகளை, தீப்பிடித்தால் ஒரே தடவையில் தூக்கிக்கொண்டு வெளியே ஓட முடிகிற அளவுக்கு மேல் எடுக்காதீர்கள். தனி ஆளுக்கு அது இரண்டு, மிஞ்சினால் மூன்று. "இன்னும் ஒன்னுதானுங்களே" என்று கேட்பார்கள். எண்ணிக்கையை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் மறுப்பது சுலபம். ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட அம்மாக்களுக்குக் கொடுத்த வாக்கு அது. பலகையில் விளையாட்டுப் பள்ளி என்று எழுதுகிறவர்கள், அதற்கென 2015இல் தமிழக அரசு கொண்டுவந்த விதித்தொகுப்பின்படி அனுமதி வாங்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பேசுவதற்கு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்தான் சரி. காலையில் முருங்கைக்காய் கொள்முதலுக்குக் காய் கொண்டுபோகிற குடும்பங்கள் உண்டு, கறி எடுக்கிற வேலையும் இருக்கும். அப்பா, அம்மா இருவரும் வரட்டும். அத்தோடு அந்த வீட்டு ஆத்தாவையும் கூட்டிவரச் சொல்லுங்கள். மாமியாரைக் கேட்காமல் சேர்த்த பிள்ளை பத்தாம் நாள் நின்றுவிடும். வந்ததும் விளையாட்டுச் சாமான் இருக்கிற அறையைக் காட்டாதீர்கள். தண்ணீர்த் தொட்டி மூடியைக் காட்டுங்கள், பூட்டு இருக்கிறதா என்று அவர்களே இழுத்துப் பார்க்கட்டும். பாத்ரூமில் பக்கெட் கவிழ்த்து வைத்திருப்பதைக் காட்டுங்கள். தவழ்கிற குழந்தை தலைகுப்புற விழுந்து மூழ்க அரை பக்கெட் தண்ணீர் போதும். சிலிண்டர், பின்கதவு, கேட். இந்தப் பக்கம் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதைப் பார்த்தவர்கள் நாம். கேட்டின் அடியில் எவ்வளவு இடைவெளி என்று ஒரு தாத்தா குனிந்து பார்த்தால் அவருக்கு நன்றி சொல்லுங்கள்.

அப்புறம் உட்கார்ந்து பேச்சு. நான் தூக்கத்தில் இருந்து ஆரம்பிப்பேன்.

"தம்பி தூளியில தூங்குவானா, பாயிலயா?"

இந்த ஒரு கேள்விக்கு ஆத்தா கால் மணி நேரம் பேசுவார். எந்தச் சேலை, எவ்வளவு வேகமாக ஆட்ட வேண்டும், என்ன பாட்டு. அதில்தான் பிள்ளையின் நாள் முழுக்க இருக்கிறது. கேட்டுவிட்டு என் பக்கத்தைச் சொல்வேன். தூளி கட்டினால் தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் உயரம் போகாது, கீழே மெத்தை இருக்கும், உட்காரப் பழகிய பிள்ளைக்குத் தூளி கிடையாது, பாய்தான். எழுந்து தொங்கிச் சேலை கழுத்தில் சுற்றிக்கொள்ளும் வயது அது. பிடிக்காவிட்டால் அப்போதே சொல்லிவிடலாம்.

அடுத்தது உடம்பில் இருப்பவை. மோதிரம், தோடு, வளையல், தங்கம் எதுவும் வேண்டாம். காணாமல் போனால் உறவு முறியும், விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அரைஞாண் கயிறு இருக்கட்டும், அதில் கோத்த ஊக்கு வேண்டாம். கண்ணேறு கழிக்கப் போட்டது என்றால் வீட்டுக்குப் போய் மாட்டிக்கொள்ளட்டும். கையெழுத்துப் போடும்போதே பிள்ளையின் உடம்பில் இருந்து ஊக்கைக் கழற்றி ஆத்தாவின் கையில் கொடுத்துவிட்டால் அந்த விதி மனதில் நிற்கும்.

மருந்து விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. காய்ச்சலுக்குக் கொடுக்கிற பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 125 மி.கி. இருப்பதும் உண்டு, 250 மி.கி. இருப்பதும் உண்டு. "அதே மருந்துதானுங்க, ஒரு மூடி குடுங்க" என்று போனில் சொன்னால் பிள்ளைக்கு இரண்டு மடங்கு போய்விடும். பாட்டில் வீட்டிலிருந்து வர வேண்டும், அதன் மேல் பிள்ளையின் பெயர், எத்தனை மில்லி, கடைசியாக எப்போது கொடுத்தது என்று எழுதியிருக்க வேண்டும். இருமல் மருந்து நான் கொடுப்பதே இல்லை. 2025இல் நம் தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் விஷப்பொருள் கலந்திருந்து மத்தியப் பிரதேசத்தில் எத்தனையோ குழந்தைகள் இறந்தார்கள். உரை மருந்து, வசம்பு, தேன் இவற்றையெல்லாம் ஆத்தா ஊட்ட வேண்டும் என்று நினைப்பார். அவரோடு சண்டை போட நான் தயாரில்லை. ஒரு வயதுக்குள் தேன் ஆகாது என்று டாக்டர்கள் சொல்வதை எடுத்துச் சொல்வேன், என் வீட்டில் இவை எதுவும் இல்லை என்று எழுதுவேன்.

தாய் சேய் நல அட்டையின் நகல் ஒன்று வாங்கி வையுங்கள். புதன்கிழமை தடுப்பூசி போட்ட பிள்ளைக்கு அன்று இரவு காய்ச்சல் வரலாம், வியாழக்கிழமை யார் பார்ப்பது? இதை முன்பே முடிவு செய்ய வேண்டும். அம்மை கண்டால் நம் ஊரில் வெளியே சொல்லத் தயங்குவார்கள். அம்மன் வந்திருக்கிறாள் என்ற மரியாதை அது, அதைக் குறைத்துப் பேச வேண்டாம். "கொப்புளம் எல்லாம் காஞ்சு, மூனு தண்ணி ஊத்தின பொறவு கூட்டியாங்க" என்று சொன்னால் அவர்கள் வழக்கமும் காக்கப்படும், மற்றப் பிள்ளைகளும் தப்பும்.

இனி அவர்கள் கேட்கிற கேள்வி. சிலர் கேட்பார்கள், குரலைத் தாழ்த்தி: "வேற யாரூட்டுப் புள்ளைகெல்லாம் வருதுங்க?" பெயர் தெரிந்துகொள்ளக் கேட்கிற கேள்வி இல்லை அது என்று இருவருக்கும் தெரியும். 2018இல் நம் மாவட்டத்திலேயே, அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், சத்துணவு சமைக்க வந்த பெண்ணைச் சாதியைச் சொல்லித் தடுத்தார்கள். என் ஒப்பந்தத்தில் இதற்கு ஒரே ஒரு வரி இருக்கிறது: எல்லாப் பிள்ளைகளும் ஒரே பந்தியில், ஒரே மாதிரித் தட்டில், ஒரே பானைச் சோறு சாப்பிடும். அதைப் படித்துக் காட்டும்போது என் குரலைத் தாழ்த்துவதில்லை. எழுந்து போகிறவர்கள் போகட்டும். வருமானம் குறையும் என்று பயந்து இந்த இடத்தில் மழுப்பிவிட்டால், பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளையைத் தள்ளி உட்கார வைக்க வேண்டியிருக்கும். அதை என்னால் செய்ய முடியாது.

அவர்கள் கேட்க நினைத்தும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. உங்கள் வீட்டு ஆண்கள் எப்போது வீட்டில் இருப்பார்கள்? நீங்களே சொல்லிவிடுங்கள். எத்தனை மணிக்குப் போகிறார், எப்போது வருகிறார், பிள்ளைகளுக்குக் கால் கழுவி விடுவதும் உடை மாற்றுவதும் யார். காலையில் பிள்ளை வந்ததும் அம்மாவின் முன்னாலேயே சட்டையைக் கழற்றிப் பார்த்து, காயம், கன்றிப்போனது, தடிப்பு எதுவானாலும் நோட்டில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். மாலையிலும் அப்படியே. இது இரு பக்கத்துக்கும் காவல். 2012 போக்சோ சட்டப்படி குழந்தைக்குப் பாலியல் தொந்தரவு நடந்தது தெரிந்தால் புகார் சொல்வது கடமை, மறைப்பது குற்றம். "சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுவேன், அது யாராக இருந்தாலும்" என்ற வரியைப் படிக்கும்போது எல்லோரும் ஒரு கணம் அமைதியாவார்கள். பரவாயில்லை. பிள்ளையின் போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பதில்லை என்பதையும் அங்கேயே சேர்த்துவிடுங்கள்.

பணம். பட்டணத்து மாதிரி ஒப்பந்தங்களில் மாதம் 5ஆம் தேதி என்று இருக்கும். இங்கே சம்பளம் சனிக்கிழமை. மாதக் கட்டணம் என்று வைத்தால் நான்கு சனிக்கிழமை கைக்கு வந்த காசு கரைந்தபின் நாம் போய் நிற்போம். வாரக் கட்டணமே நல்லது, சனிக்கிழமை பிள்ளையை அழைக்க வரும்போதே. கட்டணம் பிள்ளைக்காக ஒதுக்கிய இடத்துக்கு, வந்த நாளுக்கு அல்ல என்பதை நிதானமாக விளக்குங்கள், ஏனென்றால் பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவருக்கு வராத நாளுக்குக் காசு என்பது புரியாத நியாயம். அவர் கேட்பதும் சரிதான். அதனால் நான் ஒரு நடுவழி வைத்திருக்கிறேன். தீபாவளி, பொங்கலுக்குக் கம்பெனி மூடுகிற நாட்களுக்கு அரைக் கட்டணம், ஆர்டர் இல்லாமல் வேலை நின்றால் இரண்டு வாரம் வரை கட்டணமே இல்லாமல் இடத்தை வைத்திருப்பது. சிவராத்திரிக்கு வீரக்குமாரசாமி தேர் அன்று எனக்கு விடுமுறை, அதற்கு யாரும் மறுப்புச் சொன்னதில்லை.

சனிக்கிழமைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. சம்பளம் கையில், வழியில் கடை. குடித்துவிட்டு வண்டியில் வந்து நின்று "புள்ளையக் குடுங்க" என்றால் என்ன செய்வது? அப்பாவையும் வைத்துக்கொண்டே இதைப் பேச வேண்டும், அவர் தெளிவாக இருக்கும்போது. "போதையில வந்தீங்கன்னா உட்கார வெச்சுத் தண்ணி குடுப்பேனுங்க. புள்ளையத் தரமாட்டேன். அம்மிணிக்கும் உங்கய்யனுக்கும் போன் பண்ணுவேன்." பெரும்பாலான அப்பாக்கள் தலையைக் குனிந்துகொண்டு சரி என்கிறார்கள். மனைவி நிமிர்ந்து பார்ப்பார். பிள்ளையை அழைத்துப் போகக் கூடியவர்கள் மூன்று பேர், அவர்கள் போட்டோ ஒப்பந்தத்தின் பின்பக்கம் ஒட்டியிருக்கும். நாலாவது ஆள் வந்தால், அவர் எனக்கே மாமா முறையானாலும், போன் வராமல் பிள்ளை போகாது.

தாமதமாக வந்தால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்ளலாம், வேன் பஞ்சராகும், ஷிப்மென்ட் நாள் என்று நிறுத்தி வைப்பார்கள். அதற்கு மேல் என்றால் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் சேர்த்துக் கூடுதல் கட்டணம். தொகை எழுத்தில் இருக்கட்டும்.

இணையத்தில் கிடைக்கிற மாதிரிப் படிவங்களில் ஒரு வரி தவறாமல் இருக்கிறது: "குழந்தைக்கு எது நேர்ந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல." அதை அடித்துவிடுங்கள். முதலாவது, அதற்குப் பயன் இல்லை. அலட்சியத்தால் ஒரு பிள்ளைக்கு அடிபட்டால் குற்றவியல் வழக்கை எந்தக் கையெழுத்தும் தடுக்காது, காசு வாங்கிக்கொண்டு செய்கிற சேவை என்பதால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. இரண்டாவது, அதைவிடப் பெரியது. பொறுப்பு என்ற ஒன்றுக்காகத்தான் அந்த அம்மா நம்மிடம் வருகிறார். பொறுப்பல்ல என்று எழுதிவிட்டுப் பிள்ளையைக் கையில் வாங்க எப்படி மனம் வரும்? அந்த வரிக்குப் பதில், அடிபட்டால் என்ன செய்வேன் என்று எழுதுங்கள். முதலில் 108, அடுத்து அம்மாவுக்குப் போன், எந்த ஆஸ்பத்திரி, அம்மா போன் எடுக்காவிட்டால் சிகிச்சைக்கு யார் சம்மதம் சொல்வது. பனியன் கம்பெனியில் வேலை நேரத்தில் போன் கையில் இருக்காது. சூப்பர்வைசர் நம்பரையும் வாங்கி, ஒரு முறை கூப்பிட்டுப் பேசிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஓப்பன் எண்ட் (ஓ.இ.) நூல் மில்களில் வேலைக்கு வந்திருக்கிற பீகார், ஒடிசாக் குடும்பங்களும் இப்போது பிள்ளைகளைக் கொண்டுவருகின்றன. தமிழில் எழுதிய தாளில் அவர்களிடம் கையெழுத்து வாங்குவது தவறு. அவர்களுக்கும் நமக்கும் தெரிந்த ஒருவரை உட்கார வைத்து ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்லுங்கள், அதைப் போனில் பதிவு செய்து அவர்களுக்கே அனுப்பிவிடுங்கள். தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்கும் நான் சத்தமாகப் படித்துத்தான் காட்டுகிறேன். படிக்கும்போது அவர்கள் குறுக்கே கேட்கிற கேள்வியைப் பேனாவால் ஓரத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவோம்.

கையெழுத்தான அன்றே முழு நாள் விடச் சொல்லாதீர்கள். முதல் வாரம் அம்மாவோ ஆத்தாவோ கூட இருந்து, நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போகட்டும். அந்த வாரத்தில் எந்தப் பக்கமும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம், பணம் திரும்பும். அதன் பிறகு நிறுத்துவதென்றால் இரண்டு வார முன்தகவல், என் பக்கமும் அதேதான். பிரதி இரண்டு எடுங்கள். அவர்களுடையதை ரேஷன் கார்டு வைக்கிற கவரில் வைக்கச் சொல்லுங்கள், அதுதான் எந்த வீட்டிலும் தொலையாத கவர். அடுத்த ஜூன் வரும்போது பிள்ளைக்கு ஒரு வயது கூடியிருக்கும், அம்மா மில்லிலிருந்து கம்பெனிக்கு மாறியிருப்பார், தாத்தாவுக்கு வண்டி ஓட்ட முடியாமல் போயிருக்கும். அப்போது பழைய தாளை எடுத்து வைத்துக்கொண்டு திரும்ப முதல் வரியிலிருந்து படியுங்கள்.